வெந்நீர் ஊற்றும் உம்மாவின் முழங்காலும்

குளிப்பதற்காகவே ஒருவர் ஊர்விட்டு ஊர் சென்று, விடுதியில் அறை எடுத்துத் தங்குவாரா என்று நீங்கள் கேட்கலாம். சாரல் காலத்தில் குற்றாலம் சென்று வந்த வாசகர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஜப்பானியர்களும் கேட்க மாட்டார்கள். பூமிக்குள்ளிருந்து பொங்கி வரும் வெந்நீரில் கழுத்தளவு அமிழ்ந்திருப்பதை அவர்கள் வெறும் குளியலாகக் கருதுவதில்லை. மருந்து என்றும், ஓய்வு என்றும், குடும்பத்தார் கூடியிருக்கும் பொழுது என்றும் கருதுகிறார்கள். அத்தகைய ஊற்றுக்கு ‘ஒன்சென்’ என்று பெயர். எது ஒன்சென் என்பதை வரையறுக்க 1948ஆம் ஆண்டு ஒரு சட்டமே இயற்றியிருக்கிறார்கள். ஊற்றெடுக்கும் இடத்தில் நீர் 25 பாகை செல்சியஸ் வெப்பமாவது கொண்டிருக்க வேண்டும். அல்லது குறிப்பிட்ட தாதுப் பொருள்கள் அதில் கலந்திருக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம், கியூஷூ தீவில் உள்ள பெப்பு என்னும் நகரில், கடலோரத்தில் அமைந்த இத்தகைய விடுதி ஒன்றில் மூன்று இரவுகள் தங்கினோம். நானும் என் மனைவியும், அப்போது 74 வயதான என் உம்மாவும். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே வேலையிலும் அமர்ந்துவிட்ட என் சகோதரியின் மகன்தான் எங்களை அழைத்தவன். “உம்மம்மாவின் முழங்கால் வலிக்கு இந்தத் தண்ணீர் நல்லது மாமா” என்று ஓராண்டாகத் தொலைபேசியில் நச்சரித்துக்கொண்டிருந்தான். ஃபுக்குவோக்காவில் விமானத்தை விட்டு இறங்கி, இரண்டு மணி நேரம் ரயிலில் சென்றால் பெப்பு.

ரயிலை விட்டு இறங்கியதும் உம்மா கேட்ட முதல் கேள்வி, “ஊரெல்லாம் அடுப்பு எரியுதா?” என்பதுதான். அவர்கள் கேட்டதில் தவறில்லை. மலைச்சரிவெங்கும் வீடுகளுக்கு இடையிலிருந்தும், சாலையோரத்துச் சாக்கடை மூடிகளின் துளைகளிலிருந்தும் வெண்ணிற ஆவி எழுந்துகொண்டிருந்தது. இந்நகரில் 2,000க்கும் மேற்பட்ட ஊற்றுகள் உள்ளன. ஜப்பான் நாட்டில் மிகுதியான வெந்நீர் சுரக்கும் நகரம் இதுவே. மேற்கே நிற்கும் சுருமி மலைத்தொடரில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, எரிமலையின் வெப்பத்தில் காய்ந்து, மீண்டும் மேலே வர ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆகின்றனவாம். அப்படியானால், நான் பிறப்பதற்கு முன் பெய்த மழையில் காலை நனைப்பதற்காக உம்மா அத்தனை தூரம் வந்திருந்தார்கள். சுப்ஹானல்லாஹ்!

எங்கள் ஊரைப் போலவே அங்கும் கடல் கிழக்கே இருக்கிறது. கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக. ஆகவே கடலுக்கு முதுகைக் காட்டி, ஆவி பறக்கும் மலையை நோக்கித் தொழுதோம். சுப்ஹு தொழுதுவிட்டுத் திரும்பினால், உள்கடலின் மேல் வெளுப்பு படர்ந்திருக்கும். ஒசாக்காவிலிருந்து இரவெல்லாம் ஓடி வரும் பயணிகள் கப்பல் துறையை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்.

விடுதியின் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அறைக்குள் கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. ‘தத்தாமி’ எனப்படும் தடித்த பாய் தரை முழுவதும் பதித்திருக்கிறார்கள். உம்மா அதன்மேல் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இது நம்ம கோரைப் பாய்தானே!” என்று மகிழ்ந்துபோனார்கள். கோரையைப் போன்ற ஒரு புல்லில் நெய்வதுதான் அது. இரவானதும் பணிப்பெண்கள் வந்து மெத்தை விரித்துப் போடுவார்கள். காலையில் சுருட்டி அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள்.

விடுதியில் உடுத்திக்கொள்ள ‘யுகாத்தா’ என்ற நீண்ட பருத்தி அங்கி தருகிறார்கள். நான் அதை எப்படியோ சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே வந்த பணிப்பெண் ஒருத்தி பதறிப்போய், இடப்பக்கத்து விளிம்பு மேலே வரும்படி மாற்றிக் கட்டச் சொல்லிச் சைகை காட்டினாள். வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டுவது அவர்களிடத்தில் இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை என்று பிறகு மருமகன் விளக்கினான். அதைக் கேட்டதிலிருந்து உம்மா என் அங்கியை ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகே அறையை விட்டு வெளியே விட்டார்கள்.

இனி, எனக்குப் பெரும் சங்கடமாக அமைந்த செய்திக்கு வருகிறேன்.

ஒன்சென் குளியல் பொதுக் குளியல். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். உள்ளே எவரும் ஒரு முழத் துணியும் உடுத்தியிருக்கக் கூடாது. சிறு துண்டைக்கூடத் தண்ணீரில் நனைய விடாமல் தலைமேல் மடித்து வைத்துக்கொள்கிறார்கள். உடை மாற்றும் அறையின் சுவரில் இந்த விதிகள் படங்களோடு தொங்குகின்றன. ஆணுக்கு ஆணும், பெண்ணுக்குப் பெண்ணும்கூடத் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தாக வேண்டும் என்று மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். நாணமற்ற வழக்கம் என்று மனத்துக்குள் ஒரு தீர்ப்பையும் எழுதிவிட்டேன். உம்மாவோ அதைவிடச் சுருக்கமாக முடித்துவிட்டார்கள்: “எனக்கு முழங்கால் வலியே போதும். இந்தத் தண்ணி வேண்டாம்.”

அன்று மாலை, விடுதிக்கு வெளியே கால் மட்டும் நனைக்கும் தொட்டி ஒன்றில் உம்மா அமர்ந்திருந்தார்கள். வருவோர் போவோர் எல்லாம் காலுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து எழுந்து போகும் இடம் அது. அங்கே விடுதித் தலைவி வந்தார். ‘ஒக்காமி’ என்று இவரைப் போன்றவர்களைச் சொல்வார்கள். விருந்தினரின் பொறுப்பு முழுவதும் அவர் தலைமேல். “பாட்டியம்மா ஏன் குளிக்க வரவில்லை?” என்று மருமகனிடம் விசாரித்தார். அவன் காரணத்தைச் சொன்னான். “பெண்கள் மட்டும்தானே இருக்கிறார்கள்? பெண்ணைப் பெண் பார்ப்பதில் என்ன வந்துவிட்டது?” என்று அவர் வியப்போடு கேட்டார்.

நான் கிதாபுகளில் உள்ள சட்டத்தை விளக்க வாயெடுப்பதற்குள் உம்மா முந்திக்கொண்டார்கள். “பிறந்தப்ப என்னை மத்தவங்க குளிப்பாட்டினாங்க. மவுத்தானாலும் மத்தவங்கதான் குளிப்பாட்டுவாங்க. அப்பவும் மேலே ஒரு துணியைப் போட்டுத்தான் குளிப்பாட்டுவாங்கன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு” என்றார்கள். மருமகன் அதை எப்படி மொழிபெயர்த்தானோ, அறியேன். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் நின்றவர், தம் தரப்பையும் சொன்னார். துணியோடு இறங்கினால் அதில் உள்ள சோப்பும் அழுக்கும் எல்லாரும் அமிழ்ந்திருக்கும் நீரில் கலந்துவிடும். அதற்காகத்தான் அந்த விதி என்றார்.

வாசகர்களே, அவர் சொன்னது உண்மை என்பதை அன்று இரவு ஆண்கள் கூடத்தின் வாசலில் நின்றே தெரிந்துகொண்டேன். எவரும் நேராகத் தொட்டியில் இறங்குவதில்லை. தாழ்வான முக்காலியில் அமர்ந்து, தலை முதல் கால் வரை சோப்பிட்டுத் தேய்த்து, நுரை ஒரு துளியும் மிஞ்சாமல் கழுவிய பிறகுதான் இறங்குகிறார்கள். நம்மவர்களில் கடமையான குளிப்பைக்கூட இவ்வளவு பொறுமையாக நிறைவேற்றுவோர் எத்தனை பேர்? நான் எழுதி வைத்திருந்த தீர்ப்பில் பாதியை அடித்துவிட்டேன். மறு பாதி இன்றும் அப்படியே இருக்கிறது, சட்டம் சட்டம்தான்.

அம்மையார் வழி ஒன்று வைத்திருந்தார். குடும்பத்தினர் மட்டும் கதவைத் தாழிட்டுக்கொண்டு குளிக்கும் சிறு அறை ஒன்று விடுதியில் இருந்தது. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் 50 நிமிடங்கள் நம்முடையது. அடுத்த நாள் இரவு அதை எங்களுக்காக ஒதுக்கினார். போதாக்குறைக்கு, குளிக்கும்போது உடுத்துவதற்கென்றே தைத்த மெல்லிய பருத்தி உடைகள் இரண்டை, புதிதாகத் துவைத்து மடித்து, இரு கைகளாலும் ஏந்திக் கொண்டுவந்து தந்தார். உம்மாவும் என் மனைவியும் உள்ளே சென்றார்கள். நான் நடைக்கூடத்தில் செருப்புக் காவலாளியாக அமர்ந்தேன். கதவுக்கு அப்பால் “சுடுது, சுடுது” என்ற குரல்; பிறகு நீண்ட அமைதி; பிறகு உம்மாவின் சிரிப்பு. வாப்பா மவுத்தானதற்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

உணவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் இல்லத்தரசிகள் கோபிப்பார்கள். ஜப்பானியச் சமையலில் ‘மிரின்’ என்ற இனிப்பு மதுவும், ‘சாக்கே’ என்ற அரிசி மதுவும் நாம் புளி ஊற்றுவதைப் போலச் சர்வ சாதாரணமாக ஊற்றப்படுகின்றன. கடைகளில் விற்கும் சோயாச் சாறு பலவற்றிலும் ஆல்கஹால் சேர்த்திருக்கிறார்கள். பன்றி இறைச்சியை மட்டும் தவிர்த்துவிட்டால் போதும் என்று நினைத்துச் செல்பவர் ஏமாந்துபோவார். மருமகன் முன்கூட்டியே எழுதியிருந்தும், முதல் இரவு வந்த மீன் குழம்பில் மிரின் இருந்தது. அதைத் திருப்பி அனுப்பினோம். அடுத்த வேளை முதல் உப்பிட்டுச் சுட்ட மீனும், வெறும் சோறும், மீனின் மேல் பிழிந்துகொள்ள ‘கபோசு’ என்ற உள்ளூர் எலுமிச்சையும் தவறாமல் வந்தன. இரண்டாம் நாள் பகலில் மலைச்சரிவில் உள்ள கன்னாவா என்னும் பகுதிக்குச் சென்றோம். அங்கே பூமியிலிருந்து சீறும் ஆவியின் மேல் மூங்கில் கூடையை வைத்து மூடிவிட்டால், முட்டையும் பூசணியும் சோளமும் இறாலும் தாமாக வெந்துவிடுகின்றன. எண்ணெயில்லை, மசாலையில்லை. கூடை பொதுவானது என்பதால் மருமகன் புதுக்கூடை ஒன்றை வாங்கி வந்திருந்தான்.

பெப்புவில் கொதிக்கும் குளங்கள் சில இருக்கின்றன. ஒன்று கடல் நீலம், ஒன்று செம்மண் சிவப்பு. அவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நரகம்’. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். “காசு கொடுத்து நரகத்தைப் பார்க்கணுமா?” என்று உம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஆகவே அக்குளங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு வாய்ப்பில்லை.

கடைசி நாள் அதிகாலை கடற்கரைக்கு, மணல் குளியலுக்குச் சென்றோம். இதற்கு யுகாத்தாவை உடுத்தியபடியே படுக்கலாம் என்பதால் உம்மா உடனே இசைந்தார்கள். வெந்நீர் பாய்ச்சிச் சூடாக்கிய கருமணலில் பள்ளம் பறித்து, படுக்கச் சொல்லி, நீண்ட மண்வெட்டியால் பெண்கள் மணலை அள்ளிக் கழுத்துவரை மூடுகிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடங்கள். மணலின் பாரத்தில் நம் நாடித் துடிப்பு நமக்கே கேட்கிறது. உம்மாவின் வயதைச் சொன்னதும் அவர்களுக்கு மட்டும் மணலை மெல்லியதாகப் போர்த்தினார்கள். தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, வரிசையின் ஓரத்தில் வானத்தைப் பார்த்தபடி உம்மா கிடந்தார்கள். உதடுகள் கலிமாவை முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே, “கப்ருக்குள்ளே போய்த் திரும்பி வந்த மாதிரி இருக்கு. இங்கே நம்ம ஆளுங்க மவுத்தானா எங்கே அடக்குவாங்க?” என்று மருமகனைக் கேட்டார்கள்.

சிரித்துக்கொண்டிருந்தவன் முகம் மாறிற்று. ஜப்பானில் இறப்போரில் ஏறக்குறைய அனைவரும் தகனம் செய்யப்படுகிறார்கள். புதைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, இடம்தான் கிடைப்பதில்லை. பெப்புவில் 2008 முதல் பள்ளிவாசல் இருக்கிறது, தொழ இடமுண்டு. மய்யித்துக்கு இடமில்லை. பக்கத்து ஊரான ஹிஜியில் கிறித்தவத் துறவியர் மடம் ஒன்று தன் கல்லறைத் தோட்டத்தில் முஸ்லிம்கள் சிலரை அடக்க அனுமதித்தது. அதே ஊரில் முஸ்லிம்கள் 2018இல் நிலம் வாங்கினார்கள். தங்கள் நீருக்குத் தீங்கு வருமோ என்று அக்கம்பக்கத்தார் அஞ்சி எதிர்த்தார்கள். ஊற்றை நம்பி வாழும் மக்கள் தண்ணீரைப் பற்றி அஞ்சுவதை நான் குறை சொல்ல மாட்டேன். உம்மாவும் சொல்லவில்லை. “அவங்க தண்ணி அவங்களுக்கு உசிரு. ஆனா நீ அங்கேயே இருந்துடாதே” என்று பேரனின் கையைப் பற்றிக்கொண்டார்கள்.

விடைபெறும்போது அம்மையாரும் பணிப்பெண்களும் வாசலுக்கு வந்து, எங்கள் வண்டி கடற்கரைச் சாலையில் திரும்பி மறையும்வரை கையசைத்துக்கொண்டே நின்றார்கள். ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த சிறு கோரைப் பாய் ஒன்றை உம்மா அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

முழங்கால் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அங்கிருந்த மூன்று நாளும் உம்மா தடியைத் தொடவில்லை. ஊர் வந்து ஒரு வாரத்தில் வலியும் வந்து சேர்ந்துவிட்டது. ஹிஜியில் பேச்சுவார்த்தைகள் நடந்து, ஊராட்சிக்குச் சொந்தமான வேறொரு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று 2023இல் அப்பகுதி மக்களோடு உடன்பாடும் ஏற்பட்டது. 2024இல் தேர்தலில் வென்று வந்த புதிய தலைவர் அந்த நிலத்தை விற்க முடியாது என்றார். மருமகன் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் உம்மா முதலில் அந்த அம்மையாரின் நலத்தை விசாரிப்பார்கள். அடுத்து, “அந்த மண்ணு காரியம் என்னாச்சு?” என்பார்கள்.

“இன்னும் இல்லை உம்மம்மா” என்கிறான் அவன்.