குணமாயிற்று என்பவர் யார்?

உடல் நோய் தீர்ந்ததை அறிய வழிகள் பல உள. காய்ச்சல் தணிந்ததைக் கருவி காட்டும். புண் ஆறியதைக் கண் காணும். மன நோயில் அத்தகைய சாட்சி எளிதிற் கிட்டுவதில்லை. அங்கே குணமாயிற்று என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை வைத்தியருக்கா, வீட்டாருக்கா, நோயாளிக்கா? இக்கேள்வியை வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

பேயோட்டும் பூசாரியின் கணக்கை நாம் நெடுங்காலமாய்க் கண்டித்து வருகிறோம். வேப்பிலையடியில் தெளிந்தவர் காணிக்கையோடு திரும்பி வருகிறார். அவர் கதை ஊரெங்கும் பரவுகிறது. தெளியாதவர் வீட்டு மூலையிலே கிடக்கிறார். அவரை எண்ணுவார் இல்லை. வந்தவரை மட்டும் எண்ணும் கணக்கில் எந்தத் தெய்வமும் தோற்பதில்லை. ஆனால் இதே அளவுகோலை அறிவியலின் பெயரால் நடக்கும் வைத்தியத்திற்கும் நாம் பிடித்தாக வேண்டும். இன்றேல் நம் பகுத்தறிவு பிறர்க்கு மட்டும் சொல்லும் உபதேசமாய் முடியும்.

வியன்னா நகரத்துப் பிராய்டு கண்ட உளப்பகுப்பு முறையில் மருந்து இல்லை. நோயாளி மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிச் சொல்லுகிறார். உள்ளே மறைந்து வருத்துவதை அவரே உணர்வதற்கு வைத்தியர் துணை செய்கிறார். இந்தியாவில் 1922இல் கிரீந்திரசேகர போஸ் கல்கத்தாவில் இதற்கென ஒரு சங்கம் நிறுவினார்.

இம்முறையின் பலன் என்ன? பெர்லின் நகரில் 1920இல் தொடங்கிய உளப்பகுப்பு நிலையம் தன் பத்தாண்டுக் கணக்கை 1930இல் வெளியிட்டது. சிகிச்சைக்கு ஏற்றவர் 721 பேர். முடித்தவர் 363, இடையில் நின்றவர் 241, அப்போதும் தொடர்ந்தவர் 117. முடித்தவருள் குணமடைந்தவர் 111, மிகவும் தேறியவர் 89, ஓரளவு தேறியவர் 116, மாற்றமே இல்லாதவர் 47. நின்றுபோனவரையும் மறைக்காது சொன்ன நேர்மை போற்றத்தக்கது. முடித்தவரை மட்டும் எண்ணினால், குணமடைந்தோரும் மிகத் தேறியோரும் நூற்றுக்கு 55 பேர். நின்றவரையும் சேர்த்தால் 33 பேர். ஏடு ஒன்றே, கணக்கு இரண்டு! இங்கிலாந்தின் ஐசெங்க் 1952இல் இத்தகைய கணக்குகளைக் கிளறி, இவ்வைத்தியம் இல்லாமலே மூன்றில் இரு பங்கினர் இரண்டாண்டிற்குள் தேறிவிடுகின்றனர் என வாதிட்டார். அவர் காட்டிய ஆதாரமும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று; எனினும் அவர் எழுப்பிய வினா நியாயமானதே. பெர்லினில் குணம் என்று தீர்ப்பளித்தவர் வைத்தியம் செய்தவரே அல்லவா?

அப்படியானால் வீட்டார் சொல்லை ஏற்கலாமா? பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், கியா பார்ம் அருகே தேயிலைத் தோட்டக் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். மகனைப் பறிகொடுத்த அம்மையார் ஒருவர் அழவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. ஆயினும் நாள் தவறாமல் கொழுந்து எடுத்தார், எடை குறைந்ததில்லை. உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால், வாரந்தோறும் சிம்பாங் பூலாய் வழியே ஈப்போவுக்கு இறங்கி, பேச்சு வைத்தியம் செய்துகொள்ளலானார். ஓராண்டு சென்றது. இப்போது அவர் மகன் பெயரைச் சொல்லி அழுகிறார்; சில நாள் வேலைக்குப் போவதுமில்லை. "நன்றாயிருந்தவளைக் கெடுத்துவிட்டார்கள், இனிப் போகவேண்டாம்" என்கிறார் தமையனார். அம்மையாரோ, "அப்போது நான் கல்லாய்க் கிடந்தேன், அண்ணே. இப்போதுதான் மனுஷியாய் அழுகிறேன். இன்னும் கொஞ்ச நாள் போகவிடுங்கள்" என்கிறார்.

இருவரும் பொய் சொல்லவில்லை. தமையனார் கூலியும் எடையும் பார்க்கிறார். பேருந்துக் கட்டணம் கொடுப்பவர் அவர். நாம் தங்கையின் பக்கம் நின்றோம். எவர் நெஞ்சில் பாரம் இருந்ததோ அவர் சொல்லே முதற் சாட்சி என்று தமையனாரிடம் வாதாடினோம்.

காலமும் ஒரு சாட்சியே. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மறுநாள் பார்ப்பவர் தோட்டம் பாழாயிற்று என்பார். அங்கே வெறும் குச்சிகளே நிற்கும். மாதங்கள் சென்றபின் துளிர்ப்பது தோட்டத்தார் அறிந்ததே. லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையின் ஆராய்ச்சி ஒன்று 2015இல் வெளிவந்தது. நெடுநாள் மனச்சோர்வால் வாடி, பிற வைத்தியத்தால் தேறாத 129 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு சாராருக்கு வழக்கமான வைத்தியத்தோடு 18 மாதம் உளப்பகுப்பு வழியிலான சிகிச்சையும் தரப்பட்டது. மறுசாராருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். சிகிச்சை முடிந்த வேளையில் முற்றும் தேறியவர் இரு சாராரிலும் சிலரே. பெரிய வேறுபாடு இல்லை. ஈராண்டு கழித்துப் பார்க்கையில், பெருஞ்சோர்வு நோய் என்னும் வரையறையைக் கடந்து வந்தவர் முதற் சாராரில் நூற்றுக்கு 44, மற்றவரில் 10. முடிந்த அன்றே ஏட்டை மூடியிருந்தால் இவ்வைத்தியம் வீண் என்றே உலகம் முடிவு கட்டியிருக்கும்.

ஆகவே மனவைத்தியத்தின் பலனைப் பேசுவோரிடம் நான்கு வினாக்களைக் கேட்குமாறு வாசகரை வேண்டுகிறோம். வந்தவர் எத்தனை பேர்? இடையில் நின்றவர் எங்கே? தீர்ப்புச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? விடை தர மறுப்பவர் வேப்பிலை ஏந்தினாலும் பட்டம் ஏந்தினாலும் நமக்கு ஒன்றே. விடை தருவோரிடம், அம்மையார் கேட்ட அந்தக் கொஞ்ச நாளை மறுக்காமல் கொடுப்பது நம் கடமை.