லைசென்ஸ் இருக்கு, ஓட்டத் தெரியாது!

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்ற ரகசியம் 2012-ல் மூன்றே பேருக்குத்தான் தெரியும். எனக்கு, என் ரூம்மேட்டுக்கு, லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு. லைசென்ஸ் கொடுத்த அரசாங்கத்துக்குத் தெரியாது.

அப்போது டெல்லியில் வேலை. பி.காம். முடித்த கையோடு ரயிலேறி, கரோல் பாகில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருந்து, ஒரு கம்பெனியின் கணக்குகளைச் சரிபார்த்து, மெஸ்ஸில் சாம்பார் என்று பெயர் சூட்டப்பட்ட மஞ்சள் திரவத்தைக் குடித்து வளர்ந்து வந்தேன். மேனேஜர் ஒருநாள், "லைசென்ஸ் வெச்சிருக்கிறவனுக்கு ஃபீல்டு டியூட்டி, தனி அலவன்ஸ்" என்றார். மறுநாளே லீவு போட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள்.

உள்ளே போவதற்குள் வாசலிலேயே ஒருவர் என் தோளில் கை போட்டார். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் ஒரு ரெக்ஸின் பை. அவ்வளவுதான் அவருடைய ஆபீஸ். மொத்தம் 2,500 ரூபாய் என்றார். "டிரைவிங் டெஸ்ட்?" என்று என் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பில் எவ்வளவு என்று கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அதெல்லாம் வேண்டாம். போட்டோவுக்கு மட்டும் நீங்களே வரணும். அப்புறம் அட்ரஸ் ப்ரூஃப். அது இல்லாம முடியாது."

இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

என் ரூம்மேட் வேறு மாதிரி. பொள்ளாச்சிக்காரன், பன்னிரண்டு வயதிலேயே டிராக்டர் ஓட்டியவன். "எனக்கெதுக்குடா ஏஜென்ட்டு?" என்று மீசையை முறுக்கிக்கொண்டு நேராக டெஸ்ட்டுக்குப் போனான். முதல் தடவை, சிக்னல் காட்டவில்லை என்று ஃபெயில். இரண்டாவது தடவை காட்டினான். அப்போதும் ஃபெயில், காரணம் சொல்லப்படவில்லை. மூன்றாவது தடவை வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தான். அதற்குள் என் லைசென்ஸ் வந்து, பர்ஸில் ஒரு மாதம் பழசாகியிருந்தது.

நான் கணக்குப் படித்தவன். லஞ்சத்துக்கும் மனசுக்குள் ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டுப் பார்த்தேன். என் பாக்கெட்டில் பற்று, அவர் பாக்கெட்டில் வரவு. நான் சந்தோஷமாகக் கொடுத்தேன், அவர் சந்தோஷமாக வாங்கினார். மூன்றாம் மனுஷனுக்குக் காலணா நஷ்டமில்லை. டேலி ஆகிவிட்டது, நிம்மதியாகத் தூங்கினேன்.

2016-ல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். செகண்ட் ஹேண்டில் ஒரு கார். சித்தப்பா மகன் பத்து நாள் மைதானத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தான். பதினோராவது நாள் காலை ஆறரை மணி, எங்கள் தெருமுனை. திருப்பத்தில் பால்காரர் சைக்கிள் வந்தது. பிரேக் என்று நினைத்து நான் அழுத்தியது பிரேக் இல்லை.

பெரியவர் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், தெரு முழுக்கப் பால். அவருக்கு வலது முழங்கையில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, மாவுக்கட்டு எல்லாச் செலவும் என்னுடையது. அது பெரிய விஷயமில்லை. விசாரிக்க வந்த ஏட்டு என் லைசென்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டெல்லி லைசென்ஸா? எல்லாம் கரெக்டா இருக்கே" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பெரியவர் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "விடுங்க சார். தம்பி வேணும்னா இடிச்சாரு? முறையா லைசென்ஸ் எடுத்து ஓட்டுற புள்ளைதான. என் நேரம்."

முறையா! அந்த ஒரு வார்த்தைக்கு அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். கேஸ் இல்லாமல் சமாதானமாக முடிந்தது. ஆறு வாரம் அவரால் பால் ஊற்ற முடியவில்லை. பாதி வாடிக்கை கைமாறிவிட்டது.

இதை ஒருநாள் என் காலேஜ் நண்பனிடம் புலம்பினேன். இப்போது அவன் எகனாமிக்ஸ் புரொபசர். ஒரு ஜெராக்ஸ் கட்டைத் தூக்கி முன்னால் போட்டு, "உன் கதைதான். படி" என்றான்.

2007-ல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' என்ற பெரிய பத்திரிகையில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரை. எழுதியவர்கள் நாலு பேர். மரியான் பெர்ட்ராண்ட், சிமியோன் ஜான்கோவ், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன். கடைசிப் பெயரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தீர்களா? நம்ம ஆள்தான். தமிழ்நாட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர். ஜான்கோவ் பிற்பாடு பல்கேரியாவின் நிதியமைச்சரே ஆனார். இத்தனை பெரிய மனிதர்கள் ஆராய்ந்த பொருள்: டெல்லியில் லைசென்ஸ் வாங்குவது எப்படி!

லைசென்ஸுக்கு அலைந்துகொண்டிருந்த 822 பேரைப் பிடித்து, குலுக்கல் முறையில் மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். முதல் கோஷ்டியிடம், "எல்.எல்.ஆர். வாங்கிய 32 நாளுக்குள் நிரந்தர லைசென்ஸைக் கொண்டுவந்தால் 2,000 ரூபாய் பரிசு" என்றார்கள். சட்டப்படி 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், இரண்டே நாள்தான் அவகாசம். இரண்டாவது கோஷ்டிக்கு இலவசமாக டிரைவிங் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது கோஷ்டியை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

பரிசுக் கோஷ்டி லைசென்ஸோடு பறந்து வந்தது. கூடவே, மற்றவர்களைவிட இவர்களில்தான் அதிகம் பேர் மேல்பணம் கொடுத்திருந்தார்கள். ஓட்டத் தெரியாமலே லைசென்ஸ் வாங்கியவர்களும் இவர்களில்தான் அதிகம். அந்தப் பணத்தை யாரும் அதிகாரி கையில் நேராகக் கொடுக்கவில்லை. எல்லாம் ஏஜென்ட் வழியாகத்தான். லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் தனியாக ஒரு டெஸ்ட் வைத்துப் பார்த்ததில், பாதிக்கு மேல் தேறவில்லை. என் ஜாதகமே அதில் இருந்தது.

என் ரூம்மேட் ஜாதகமும் இருந்தது. நேர்வழியில் டெஸ்ட்டுக்குப் போனவர்களை, ஓட்டத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சகட்டுமேனிக்கு ஃபெயில் செய்திருக்கிறார்கள். நேர்மையான வழியில் முள்ளைப் போட்டு வைத்தால்தானே பக்கத்துச் சந்தில் சுங்கம் வசூலிக்க முடியும்?

இதில் ஆராய்ச்சி எங்கே என்கிறீர்களா? இருக்கிறது. லஞ்சம் என்பது வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் மாதிரி, காரியம் வேகமாக நடக்கட்டுமே என்று ஒரு கட்சி ரொம்ப நாளாக உண்டு. சாமுவேல் ஹண்டிங்டன் போன்ற மேதைகளே 1968-ல் அந்த ரீதியில் எழுதியிருக்கிறார்கள். நான் போட்ட ஜர்னல் என்ட்ரியும் அதே கட்சிதான். அவன் பாக்கெட், இவன் பாக்கெட், மற்றவனுக்கு என்ன? டெல்லி ஆராய்ச்சி அந்த என்ட்ரியை அடித்துவிட்டது. பணம் கைமாறுவதோடு விஷயம் முடியவில்லை. லைசென்ஸ் யாருக்குப் போகக்கூடாதோ அவனுக்குப் போகிறது. பற்று எழுதப்படுவது என் கணக்கில் இல்லை, தெருமுனையில் சைக்கிளில் வருகிறவர் கணக்கில்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஆட்களை விட்டு ஏஜென்ட்டுகளிடம் பேரம் பேச வைத்தார்கள். "எனக்கு ஓட்டத் தெரியாது" என்று சொன்னவனைப் பார்த்து எந்த ஏஜென்ட்டும் கவலைப்படவில்லை. "அட்ரஸ் ப்ரூஃப் இல்லை", "நேரில் வரமுடியாது" என்று சொன்னபோதுதான் தயங்கினார்கள். என் வேப்பமரத்தடி ஆசாமி போட்ட அதே இரண்டு நிபந்தனைகள்! யோசித்தால் காரணம் புரிகிறது. ப்ரூஃப் இல்லையென்றால் ஃபைலைப் புரட்டுகிற எவனும் கண்டுபிடித்துவிடுவான். ஓட்டத் தெரியாதது எந்த ஃபைலிலும் தெரியாது. தடயம் விடுகிற விதியை வளைக்க பயம். தடயமே விடாத விதிக்கு விலை உண்டு.

நிர்வாகச் சீர்திருத்தம் என்றால் கமிட்டி, அறிக்கை, மூன்றாம் பக்கத்துச் செய்தி என்றுதான் நான் நினைத்திருந்தேன். உபதேசமோ போஸ்டரோ வேண்டாம், வண்டி ஓட்டியதற்குத் தடயம் இருக்கும்படி செய்தாலே பாதி வேலை முடியும் என்று இப்போது தோன்றுகிறது. பல ஊர்களில் கேமராவும் சென்ஸாரும் வைத்த டெஸ்ட் டிராக்குகள் வந்திருப்பது நல்லதுதான். ஆனால், அந்தக் கேமராவையும் யாராவது ஆராய்ந்துகொண்டே இருக்கவேண்டும். வேப்பமரங்கள் லேசில் பட்டுப்போவதில்லை.

2019-ல் சட்டத்தைத் திருத்தி, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 ரூபாயாக இருந்த அபராதத்தை 5,000 ஆக்கினார்கள். சரி. லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஓட்டத் தெரியாமல் இருந்தால்? 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அத்தனைக்கும் ஏஜென்ட்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். அதில் என்னைப் போன்ற 'முறையான' ஆசாமிகளின் பங்கு எவ்வளவு என்ற யோசனை மட்டும் விடுவதில்லை.

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். பதினெட்டு முடிந்துவிட்டது. முதல் டெஸ்ட்டில் ஃபெயில். "மாமா, ஏஜென்ட் யாரையாவது தெரியுமா? ஒரே நாள்ல முடிஞ்சுடும்" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பால் பாத்திரத்தை அவன் கையில் கொடுத்து வாசலுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவன் கேட்டான்:

"ஏன் மாமா, அந்தத் தாத்தா இடது கையால ஊத்துறாரு? பாதி கீழ சிந்துது."

சொன்னேன். முழுசாக. 2,500 ரூபாயிலிருந்து ஆரம்பித்து.

பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு வந்து என்னை எழுப்பினான். "மாமா, மைதானத்துக்குப் போலாமா? ரிவர்ஸ்தான் சரியா வரல."

போனோம். அவன் ஓட்டினான். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.