அப்பாவின் பாராங்

சுங்கை பாக்காப்பில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பாராங் தொங்கும். அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கியது. மடக்குக் கத்தி போல ஆட்டம் காணாது. இரும்பு மரப்பிடிக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். இளநீர் சீவ, வாழையிலை அறுக்க, வேலியோரப் புதரை வெட்ட எல்லாவற்றுக்கும் அதுதான்.

எனக்கு வானொலியில் பேசுவதுதான் தொழில். போன மாதம் இளநீர் சீவும்போது கத்தி வழுக்கி விரலைக் கீறிவிட்டது.

"மழுங்கின கத்திதாம்பா கையை வெட்டும். கூரா இருந்தா வச்ச இடத்துல இறங்கும்" என்றார் அப்பா. சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டக் கற்றுக்கொடுத்தார்.

இன்னொன்றும் சொன்னார்: வெளியே கொண்டுபோனால் உறையில் போட்டு, வேலைக்கு மட்டும் கொண்டுபோ. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கத்தியை அப்பா யார் கையிலும் கொடுக்கமாட்டார். கொடுத்தால் சண்டை வருமாம். கீழே வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அதே மாதிரி கீழே வைத்தால் அவர் எடுத்து மாட்டுவார்.

இப்போது அவர் வலது கை நடுங்குகிறது. அன்று தீட்டி முடித்துக் கீழே வைத்தேன். அப்பா எடுக்கவில்லை.

"நீயே மாட்டிடுப்பா" என்றார்.