தோளில் ஒரு தட்டு

ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டு என்றால், ‘தப்பான பக்கம் போறீங்க.’ ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் வாடகைக்கு எடுத்த பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளில் ஏறுவதற்கு முன் என் மனைவி வகுத்துக்கொடுத்த இலக்கணம் இது. ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள ஒரு கருவி இருக்கிறது, வேண்டுமா என்று கடைப் பையன் கேட்டான். “எதுக்கு? நாலு நாளும் சண்டை போட்டுக்கிட்டே போறதுக்கா?” என்று அவள் மறுத்துவிட்டாள்.

முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று தட்டு ஐந்து முறை விழுந்தது. முப்பது வருஷம் தேனிப் பக்கத்துச் சாலைகளில் புல்லட்டை இடது ஓரமாகவே ஓட்டிப் பழகியவன் நான். ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும் கை தானாக இடப்பக்கம் திரும்பிவிடும். உடனே தோளில் டொக், டொக், டொக். ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தப்பு செய்கிற கையை எப்போது தட்ட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாங்கள் போனது மோசெல் ஆற்றங்கரைக்கு. பிரான்ஸின் வோஷ் மலையில் பிறந்து, 544 கிலோமீட்டர் ஓடி, கோப்லென்ஸில் ரைன் நதியோடு கலக்கிற ஆறு. அவசரம் என்பதே அதற்குக் கிடையாது. ட்ரியர் நகரத்திலிருந்து கோப்லென்ஸுக்குக் காக்கை பறந்தால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஆறோ வளைந்து நெளிந்து, வந்த திசைக்கே திரும்பிப் பார்த்து, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் சுற்றி வருகிறது. அந்த வளைவு ஒவ்வொன்றின் மேலும் செங்குத்தாகத் திராட்சைத் தோட்டங்கள். கரையை ஒட்டிச் சாலை. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஐரோப்பா முழுவதிலிருந்தும் இங்கே வருவதற்கு அந்த வளைவுகளே காரணம். ‘மோட்டார் சைக்கிளில் வருவோரை வரவேற்கிறோம்’ என்று விடுதி வாசல்களில் பலகையே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஓட்டுகிறவனுக்கு மோசெல் என்பது தார்ச்சாலைதான். செப்டம்பர் கடைசி வாரம், அறுவடை தொடங்கும் நேரம். அடுத்த வளைவில் ஈர இலை கிடக்குமா, திராட்சை ஏற்றிய டிராக்டர் குறுக்கே வருமா, முன்னால் போகிற வேன் எப்போது பிரேக் போடும் என்பதிலேயே என் கண் இருந்தது. சாயங்காலம் விடுதியில் பூட்ஸைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்தால் அவள் சொல்ல ஆரம்பிப்பாள்: “அந்தக் கோட்டைக்குக் கீழே ஒரு வீட்டுச் சுவர்ல கோடு கோடாப் போட்டு வருஷம் எழுதியிருந்துச்சே, பாத்தீங்களா? வெள்ளம் எந்த வருஷம் எதுவரைக்கும் வந்துச்சுன்னு கணக்கு. 1993-ல வந்த தண்ணி நம்ம ரெண்டு பேரையும் மூழ்கடிச்சிருக்கும்.” நான் அந்தக் கோட்டையையே சரியாகப் பார்க்கவில்லை. அது கோக்ஹெம் கோட்டை. 1689-இல் பிரெஞ்சுப் படை வெடி வைத்துத் தகர்த்து, 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பெர்லின் வியாபாரி திரும்பக் கட்டியது. இதையும் அவள் வாங்கிய கையேட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் ப்ரெம் என்ற ஊரில் இரண்டு தட்டு விழுந்தது. நிறுத்தினேன். தலைக்கு மேல் கால்மோன்ட் சரிவு. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று பெயர் பெற்றது. சில இடங்களில் 65 பாகைச் சரிவு. மாடு ஏறாது, டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சின்ன இயந்திரம் மனிதனையும் கூடையையும் சுமந்துகொண்டு உறுமியபடி ஏறுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவள் என் மனைவி. வீட்டு ஆள் போல அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள். “நம்மூர்ல எல்லாக் கொடிக்கும் சேத்து ஒரே பந்தல். இங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிக் கம்பு” என்றாள். கீழ்வரிசையில் வேலையாக இருந்த விவசாயிக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். எங்கள் பக்கத்தில் வருஷம் முழுக்கக் காய் வரும் என்று அவள் சொன்னதை அவர் நம்பவே இல்லை. அவருக்கு வருஷத்துக்கு ஒரே அறுவடை. ஒரு மழை தப்பினால் அடுத்த வருஷம்தான்.

அவள் ஒரு கம்பில் படிந்திருந்த நீலத்திட்டை நகத்தால் சுரண்டினாள். “போர்டோ?” என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பொர்தோ! யா, யா!” மயில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்கிற மருந்து அது. பிரான்ஸின் பொர்தோ பகுதியில் ஆய்வு செய்த மில்லார்தே என்ற தாவரவியலாளர் 1885-இல் உலகத்துக்குச் சொன்ன கலவை. கம்பத்தில் அவளுடைய அப்பா மண் தொட்டியில் கரைத்த ‘போர்டோ கலவை’க்கு ஊர்ப்பெயர் ஒன்று ஒட்டியிருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு இருவரும் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. விவசாயிகளின் பேச்சுக்கு மொழி பெரிய தடை இல்லை போலிருக்கிறது.

அங்கே மண் என்று ஒன்று கண்ணுக்கே படவில்லை. கால் வைத்த இடமெல்லாம் சாம்பல் நிறத் தகடு தகடாகக் கல். சிலேட்டு. ஊர்க் கூரைகளில் வேய்ந்திருப்பதும் அதுதான். வடக்கே 50-ஆவது அட்சக்கோட்டை ஒட்டிய அந்தக் குளிரில் திராட்சை பழுப்பதற்குச் சிலேட்டும் ஒரு காரணம். பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். சூரியன் சாய்ந்த பிறகு அவள் குனிந்து ஒரு தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். “அடுப்பை அணைச்ச பிறகும் தோசைக்கல்லு சுடுமே, அப்படி இருக்குங்க.”

அந்த விவசாயியின் வீட்டு முற்றத்தில்தான் முதல் ருசி பார்த்தோம். பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். இந்தப் பகுதியில் விவசாயி தன் தோட்டத்து ஒயினைத் தன் வீட்டிலேயே, தனி உரிமம் இல்லாமல், வருஷத்துக்கு 4 மாதம் வரை, 40 பேருக்கு மேல் உட்காராதபடி விற்றுக்கொள்ளலாம். திறந்திருக்கிறது என்பதற்கு வாசலில் இலைக்கொத்தோ துடைப்பமோ கட்டி வைப்பார்கள். எனக்குச் சாவி கையில் இருந்ததால் தண்ணீர். அவளுக்கு முன்னால் நான்கு கிண்ணம். எல்லாம் ரீஸ்லிங் என்கிற வெள்ளைத் திராட்சை. மோசெல் தோட்டங்களில் பாதிக்கு மேல் அதுதான். ருசித்துவிட்டுத் துப்புவதற்கு ஒரு பானையும் இருந்தது. “நல்ல பொருளைத் துப்புவாங்களா?” என்று அதை ஓரமாகத் தள்ளினாள்.

இரண்டாவது கிண்ணத்தில் நின்றாள். கண்ணை மூடினாள். “எலுமிச்சை இருக்கு. பச்சை ஆப்பிள். அப்புறம்…” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சிலேட்டை எச்சி தொட்டு அழிச்சா ஒரு வாசனை வருமே. அது.”

ஒயின் பற்றி ஒரு வரி படித்தவள் இல்லை. ஆனால் உலகத்து ஒயின் வல்லுநர்கள் மோசெல் ரீஸ்லிங்கைப் பற்றி எழுதும்போதெல்லாம் தேடிப் பிடிக்கிற சொல் அதுதான். அவர்கள் அதைப் புத்தகத்தில் கற்றார்கள். இவள் பலப்பம் தின்று கற்றாள். கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் தேய்த்துக் கறுப்பாக்கிய கை அது. பிறகு முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சிலேட்டில் ‘அ’ எழுதிக் கொடுத்த கை. பாறையின் ருசி வேர் வழியாக ஏறிப் பழத்துக்குள் வராது, அது மனம் செய்கிற வேலை என்று மண்ணியல் படித்தவர்கள் சொல்வதுண்டு. இருக்கலாம். மனசுக்குள் சிலேட்டு இருந்தால்தானே அந்த வேலையும் நடக்கும்?

அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மூரில் குடி என்றால் கம்பிக்குள் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கி இடுப்பில் செருகுகிற காரியம். கணவன் குடிப்பான், மனைவி வாசலில் காத்திருப்பாள். இங்கே ஒரு பாட்டி மேசையைத் துடைத்து ஊற்றித் தருகிறாள், பேரன் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதுகிறான், என் மனைவி குடிக்கிறாள், நான் தண்ணீர்க் கிண்ணத்தோடு காத்திருக்கிறேன். “ஊர்ல சொல்லிடாதீங்க” என்றாள். இப்போது எழுதுவது அவள் அனுமதியோடுதான்.

ஃபெடர்வைஸர் கதையையும் சொல்லிவிடுகிறேன். அறுவடைக் காலத்தில் மட்டும் கிடைக்கிற, பாதி நொதித்த, கலங்கலான புது ஒயின். கள்ளுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. உள்ளே இன்னும் பொங்கிக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்கி மூட மாட்டார்கள். மூடினால் பாட்டில் வெடிக்கும். நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்று கடைக்காரம்மா கையால் காட்டிக்கூடச் சொன்னாள். நான்தான் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் இடம் போதாமல் படுக்க வைத்தேன். அன்று மாலை பெட்டியைத் திறந்தால் என் சட்டைகள், அவளுடைய சுடிதார், வரைபடம் எல்லாம் புளித்த ஊறல். “இட்லி மாவு பொங்குனா பாத்திரத்தை என்ன செய்யணும்னு முப்பது வருஷமா வீட்டுல பாக்கலியா நீங்க?” என்றாள். பார்த்ததில்லை. மாவு பொங்கும் நேரத்தில் நான் எப்போதும் வங்கியில் இருந்தேன்.

பெர்ன்காஸ்டல்-கூஸில் இரண்டு இரவு தங்கினோம். கூஸ் பக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு முதியோர் இல்லம். அந்த ஊரில் பிறந்து கர்தினாலாகவும் தத்துவ அறிஞராகவும் உயர்ந்த நிக்கோலாஸ் 1458-இல் நிறுவியது. ஏசு வாழ்ந்த வருஷக் கணக்குக்கு 33 பேர். எல்லோரும் 50 வயது தாண்டிய, உழைத்து ஓய்ந்த ஆண்கள். செலவுக்குத் திராட்சைத் தோட்டங்கள். ஐந்தரை நூற்றாண்டு கடந்தும் முதியவர்கள் அங்கே வாழ்கிறார்கள், இல்லத்தின் பெயரில் ஒயினும் விற்கிறது. நிக்கோலாஸின் உடல் ரோமில். இதயத்தை மட்டும் எடுத்து வந்து இந்த இல்லத்துச் சிற்றாலயத்தின் தரைக்குள் வைத்திருக்கிறார்கள். “33 ஆம்பளைங்க. உங்களுக்கு இடம் இருக்கு. நான் எங்க போறது?” என்றாள். காலம் மாறி இப்போது பெண்களுக்கும் இடம் உண்டு. வாயில் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மூதாட்டி, இவள் கழுத்துத் தாலிக்கொடியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் நோய்மாகன். ரோமானியர் காலத்து ஒயின் வியாபாரி ஒருவரின் கல்லறையை அலங்கரித்த கற்கப்பல் 1878-இல் இங்கே கிடைத்தது. கி.பி. 220-ஐ ஒட்டிச் செதுக்கியது. இந்த ஊரில் இருப்பது நகல், அசல் ட்ரியர் அருங்காட்சியகத்தில். ட்ரியர் போய் அசலையும் பார்த்தோம். நடுவில் பீப்பாய்கள். இரண்டு பக்கமும் துடுப்புப் போடுகிறவர்கள். கப்பலைச் செலுத்துகிறவன் முகத்தில் ஒரு சிரிப்பு. 1,800 வருஷமாக அது கலையவில்லை. அவள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “பாத்தீங்களா, ஓட்டுறவன் சிரிக்கிறான். நீங்க மூணு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றீங்க. கண்ணாடில தெரியுது.”

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கண்ணாடியில் நான் பின்னால் வருகிற வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அதே கண்ணாடியில் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டிலும் இப்படியே ஓட்டியிருக்கிறேன். கடன், மாற்றல் உத்தரவு, மகளின் கல்லூரிக் கட்டணம் என்று அடுத்த வளைவிலேயே கண். மகளுக்கு முதல் பல் விழுந்ததும், அவளுக்கு ‘ழ’ வந்ததும் எனக்குச் செய்தியாக மாலையில்தான் வந்து சேர்ந்தன, வெள்ளக் கோடுகள் வந்து சேர்ந்த மாதிரி. அதில் குறை இல்லை. யாராவது ஓட்டத்தான் வேண்டும். ஆனால் ஊரைப் பார்த்தது நான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கடைசி நாள் வண்டியை விடுதியிலேயே நிறுத்திவிட்டுப் படகில் ஏறினோம். பெர்ன்காஸ்டலிலிருந்து டிராபென்-டிரார்பாஹ் வரை. பட்டப்பகலில் எனக்கு முதல் கிண்ணம். வேலன் ஊருக்கு எதிரே சரிவின் நடுவில் ஒரு பெரிய சூரியக் கடிகாரம்; தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் மணி பார்ப்பதற்காக 1842-இல் யோடோகஸ் ப்ரூம் என்பவர் எழுப்பியது. அந்தத் தோட்டத்துக்கே சூரியக் கடிகாரம் என்றுதான் பெயர். இரண்டு முறை இந்த வழியே ஓட்டிப் போயிருக்கிறேன்.

ஒயினை ஒரு வாய் விழுங்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். எலுமிச்சை தெரிந்தது. பச்சை ஆப்பிள் தெரிந்த மாதிரி இருந்தது. சிலேட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. “வருதா?” என்றாள். “இல்ல” என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.

செல்ட்டிங்கன் மதகுக்குள் படகு புகுந்து நின்றது. பின்கதவு மூடியது. ஈரச்சுவர்களுக்கு நடுவே தண்ணீரோடு சேர்ந்து நாங்களும் இறங்கினோம். நான் என்னையறியாமல் எழுந்து முன்பக்கக் கதவு எப்போது திறக்கும் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோளில் ஒரு தட்டு விழுந்தது. ஒன்றே ஒன்று.