454 கிராம்

ஒரு தேசத்தின் சட்டப் புத்தகம் ஓர் அளவையிலும் அதன் சமையலறை வேறோர் அளவையிலும் நடந்துகொண்டிருப்பது விசித்திரந்தான் என்றாலும், கனடாவில் சில காலம் வாழ்ந்தவர்களுக்கு அந்த விசித்திரம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. காலையில் வானொலி வெளிக்குளிரைச் செல்சியஸில் அறிவிக்க, அதைக் கேட்டுக்கொண்டே கேக்குக்கு மாக் குழைக்கிற வீட்டுக்காரி அவணின் குமிழை 350 பாகை பரனைற்றுக்குத் திருப்புகிறாள். சாரதி அனுமதிப்பத்திரத்தில் தம் உயரம் எத்தனை சென்ரிமீற்றர் என்று எழுதியிருக்கிறது என்பதை அதன் சொந்தக்காரர் அறியமாட்டார். கேட்டால் ஐந்தடி எட்டங்குலம் என்பார். பிறந்த குழந்தையின் நிறையை ஆஸ்பத்திரியில் கிராமில் குறித்திருந்தாலும், தாயும் தகப்பனும் அதை இறாத்தலாக்கித்தான் உறவினருக்குச் சொல்லுகிறார்கள். கடையில் விற்கிற வெண்ணெய்க் கட்டியின் உறையில் 454 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. சுயபுத்தியுள்ள எந்த வியாபாரியும் தானாகத் தெரிந்தெடுத்திருக்க முடியாத அந்த எண், பெயரை மாற்றிக்கொண்டு வாழும் ஒரு இறாத்தலேயன்றி வேறில்லை. எங்கள் ஊரிலும் 450 கிராம் பாணை ‘ஒரு இறாத்தல் பாண்’ என்றுதானே இன்றுவரை கேட்டு வாங்குகிறோம்? ஆகவே கனடியரைப் பரிகசிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

இந்த இரட்டை வாழ்வுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1970 இல் மத்திய அரசாங்கம் மெட்ரிக் அளவைக்கு மாறுவதென்று வெள்ளை அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டில் அதற்கென ஓர் ஆணைக்குழு அமைந்தது. 1975 ஏப்ரில் முதலாந் திகதி வெப்பநிலை செல்சியஸுக்கு மாறிற்று. 1977 செப்ரெம்பரில் நெடுஞ்சாலைப் பலகைகளிலிருந்து மைல் மறைந்து கிலோமீற்றர் வந்தது. பிறகு ஆட்சேபங்கள் வலுத்தன, ஆட்சி கைமாறியது, 1985 இல் ஆணைக்குழுவே கலைக்கப்பட்டது. வேலை நின்ற இடத்தில் நாடும் நின்றுவிட்டது. அந்த இடத்தில் நின்றுகொண்டு, ‘அளவை’ என்ற பாடத்தை ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம், யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்காபரோவில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையான எனக்கு வாய்த்தது.

ஒன்ராறியோவின் பாடத்திட்டம் எடுத்த எடுப்பிலே பிள்ளையின் கையில் சென்ரிமீற்றரைக் கொடுப்பதில்லை. காகிதக் கவ்வி, பிளாஸ்ரிக் கட்டை, தன் பாதம், தன் சாண் என்று அகப்பட்ட பொருளை அலகாக வைத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளை முதலில் அளந்து பார்க்கவேண்டும். அலகு பெரிதானால் எண்ணிக்கை குறைகிறது, அலகு சிறிதானால் எண்ணிக்கை கூடுகிறது என்பதை அப்படி அளந்து அளந்து தானே கண்டுகொள்ளவேண்டும். மீற்றரும் சென்ரிமீற்றரும் அதன் பின்னரே வரும். இதைப் பொழுதுபோக்கு என்று எண்ணுகிற பெற்றோர் பலர். நான் அப்படி எண்ணவில்லை. அகன்ற கிண்ணத்துத் தண்ணீரை ஒடுங்கிய உயரக் கிளாசுக்கு மாற்றி ஊற்றியதும் தண்ணீர் கூடிவிட்டதென்று மனப்பூர்வமாக நம்பும் பருவம் ஒன்று குழந்தைகளுக்கு உண்டென்பதைக் குழந்தை உளவியலாளர் பியாஜே பரிசோதித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பருவத்தை இன்னும் முழுதாகக் கடக்காத பிள்ளைக்கு ‘நூறு சென்ரிமீற்றர் ஒரு மீற்றர்’ என்பது மந்திர உச்சாடனமாகவே இருக்கும்.

ஒரு வகுப்பில் நீண்ட மேசையைச் சாணால் அளக்கவிட்டேன். உயரமான பையன் ஒருவன் எட்டு என்றான். அவனுக்கு அருகில் நின்ற சிறுமி ஒன்பதரை என்றாள். நான் அளந்தபோது ஆறு வந்தது. எது சரி என்று கேட்டதும், கூடி ஆலோசித்துப் பிள்ளைகள் தந்த தீர்ப்பு என்னைத் திடுக்கிடச் செய்தது: ஆறுதான் சரி, ஏனெனில் அது ரீச்சர் அளந்தது! அரசனின் பாதம் தேசத்துக்குப் பிரமாணமானதாகக் கதைகள் பிறந்தது எப்படி என்பதை அந்தக் கணத்தில் பிரத்தியட்சமாகக் கண்டேன். அப்படியானால் நாளைக்கு எனக்குச் சுகமில்லாமல், சிறிய கையுள்ள பதில் ஆசிரியை ஒருவர் வந்தால், இரவோடிரவாக மேசை நீண்டுவிடுமா என்று கேட்டேன். வகுப்பு யோசனையில் ஆழ்ந்தது. கடைசியில் அந்தச் சிறுமிதான், எல்லாரும் ஒரே ஆளின் கையால் அளக்கவேண்டும், அந்த ஆள் வராத நாட்களுக்காக அவருடைய கையைக் கடதாசியில் வரைந்து வெட்டிச் சுவரில் மாட்டிவிடலாம் என்றாள். பாரிஸுக்கு அருகே செவ்ரேயில் மீற்றருக்குப் பிரமாணமாகப் பிளாட்டினக் கலவைச் சட்டம் ஒன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு நாடுகள் செய்ததும் ஏறக்குறைய இதே காரியந்தான். 1875 இல் மீற்றர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிரதிநிதிகளிடம் அந்தச் சிறுமியை அழைத்துப்போனால் அவள் கூச்சப்படவேண்டிய அவசியமில்லை.

அளவுக்கு அடிப்படை மனிதருக்குள் செய்துகொள்ளும் சம்மதமே என்பது என் அபிப்பிராயம். எண்கள் அதன் மேல் பிற்பாடு ஏறி உட்காருகின்றன. எங்கள் வீடுகளில் அது எப்போதும் தெரிந்த விஷயம். என் வகுப்பிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டுக்கு வரும் அரிசிப் பையில் 18.14 கிலோ என்றிருக்கும்; அம்மா அதை நாற்பது இறாத்தல் பை என்பார்; பைக்குள்ளே கிடப்பதோ, ஊரிலிருந்து வந்த அம்மம்மாவின் பால்பேணி. ‘மூன்று பேணி போடு’ என்ற உத்தரவில் கிலோவுமில்லை, இறாத்தலுமில்லை. பேணி மாறாதவரை சோறு குறைந்ததுமில்லை. காணி என்று பேச்செடுத்தால் அதே அம்மம்மா, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில், ஊரில் கிடக்கும் வளவைப் பரப்பில் சொல்லுவார். மகன் வாங்கிய வீட்டைச் சதுர அடியில் கேட்டறிவார். முன்பொரு பேரன் வகுப்பில், அரிசியின் அலகு ‘பேணி’ என்று ஆங்கிலத்துக்கு நடுவே உரத்துச் சொன்னான். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் பேணியைக் கொண்டுவரச் செய்து, அது எத்தனை மில்லிலீற்றர் கொள்ளும் என்று எல்லாருமாக அளந்தோம்.

அடிமட்டம் கைக்கு வந்ததும் வேறு வகைச் சிரமங்கள் தொடங்குகின்றன. பிள்ளை கோடுகளை எண்ணுகிறது; கோடுகளுக்கு இடையிலுள்ள வெளியை எண்ணவேண்டும் என்பது அதற்குத் தோன்றுவதில்லை. எண்ணத் தொடங்குகிறவன் ஒன்றிலிருந்துதானே தொடங்குவான்? ஆகவே பென்சிலின் அடியைப் பூச்சியத்தில் வைக்காமல் ஒன்றில் வைக்கிறது. இதற்கு நான் கண்ட மருந்து உடைந்த அடிமட்டம். முனை முறிந்து, நான்கில் ஆரம்பிக்கிற துண்டு ஒன்றைக் கொடுத்துப் பென்சிலை அளக்கச் சொன்னால், மறுமுனை பதினொன்றில் நிற்பதைப் பார்த்து வகுப்பில் பாதிப் பேர் பதினொன்று என்பார்கள். கோடுகளை எண்ணியவர்கள் எட்டு என்பார்கள். ஏழு என்று சொல்லும் பிள்ளை தன் பெருவிரலால் ஒவ்வொரு வெளியாகத் தொட்டுத் தொட்டு நகர்வதைக் கண்டால், அன்றைய பாடம் முடிந்தது என்று நான் கதிரையில் உட்கார்ந்துவிடலாம். முறியாத அடிமட்டங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கித் தரும் பாடசாலைகள் ஒரு சில முறிந்தவற்றையும் உபகரணமாகச் சேர்த்துத் தந்தால் நன்றாயிருக்கும்.

கடதாசியும் எங்களுக்கு ஒத்துழைப்பதில்லை. இலங்கைப் பிள்ளை தன் தாளை அளந்தால் அகலம் சரியாக 21 சென்ரிமீற்றர். ஒரு சதுர மீற்றர் தாளைப் பாதி பாதியாக மடித்துப் பிறந்த அளவு அது. கனடாவில் நாங்கள் நகலெடுத்துக் கொடுக்கும் பயிற்சித் தாளோ எட்டரைக்குப் பதினொரு அங்குலம். மெட்ரிக் பாடம் அச்சிட்ட அந்தத் தாளையே பிள்ளை மெட்ரிக் அடிமட்டத்தால் அளந்தால் 21.6, 27.9 என்று எண்கள் முரண்டுபிடிக்கின்றன.

ஆனால் சென்ரிமீற்றரைப் படிப்பிப்பதற்கு இந்த நாட்டுக்கு இயற்கையே ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறது. இங்கே மழையை மில்லிமீற்றரிலும் பனியைச் சென்ரிமீற்றரிலும் அறிவிக்கிறார்கள். இன்றிரவு பதினைந்து சென்ரிமீற்றர் பனி என்று தொலைக்காட்சி சொன்னதும், பாடசாலை பூட்டுவார்களா, சறுக்கலாமா என்ற கவலைகளோடு படுக்கைக்குப் போகிற பிள்ளைக்கு, அந்தப் பதினைந்தைப் பற்றி யாரும் விளக்கவேண்டியதில்லை; அது கணுக்காலுக்கு மேலே சப்பாத்துக்குள் புகுந்து காலுறையை நனைக்கும் ஆழம் என்பதை அதன் கால் அறியும். பனி விழுந்த மறுநாள் மீற்றர் கோலைத் தூக்கிக்கொண்டு விளையாட்டு மைதானத்துக்குப் போவோம். வேலியோரத்தில் ஓர் ஆழம், நடுவில் வேறோர் ஆழம், காற்றுச் சேர்த்த குவியலில் இடுப்பளவு. வானிலை நிலையம் எந்த இடத்தில் அளந்து ஒரே எண்ணைச் சொன்னது என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். புதுப் பனியை ஒரு பேணி நிறைய அள்ளி வந்து வகுப்பில் உருகவிட்டால், அடியில் பத்தில் ஒரு பங்களவே தண்ணீர் தேங்கி நிற்கும். இதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக முகம் சுளித்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

கிலோமீற்றருக்கு ஸ்காபரோவின் வீதிகள் போதும். லோறன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபின்ச், ஸ்ரீல்ஸ் என்று கிழக்கு மேற்காக ஓடும் பெருவீதிகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. பிரித்தானிய நில அளவையாளர் 66 அடிச் சங்கிலியைக் காட்டின் ஊடே இழுத்து, நூறு சங்கிலிக்கு ஒரு வீதி என்று வகுத்தார்கள். நூறு சங்கிலி 6,600 அடி. அது இரண்டு கிலோமீற்றருக்கு மிகக் கிட்டியதாய் அமைந்தது வெறும் தற்செயல். மீற்றரை அறியாத அவர்கள் மெட்ரிக் பாடத்துக்கு இவ்வளவு வசதி செய்துவிட்டுப் போனதை எண்ணி நான் சிரிப்பதுண்டு. பஸ்ஸைத் தவறவிட்டு ஷெப்பர்டிலிருந்து ஃபின்சுக்கு நடந்த பிள்ளை இரண்டு கிலோமீற்றரை வாழ்நாளில் மறக்காது.

பெற்றோர் சந்திப்பு நாளொன்றில் தகப்பன் ஒருவர் பொறுமையிழந்து சொன்னார்:

“ரீச்சர், நீங்கள் கிலோவும் கிராமும் படிப்பிக்கிறியள், சரி. இறைச்சிக் கடையில கொட்டை எழுத்தில இறாத்தல் விலையெல்லோ போட்டுக் கிடக்கு? ஒரு இறாத்தல் எத்தினை கிராம் எண்டு முதல்ல பாடமாக்க விடுங்கோவன்.”

“பாடமாக்கிறதைப் பிறகு பாப்பம், அண்ணை. ஒரு கிலோ எவ்வளவு பாரம் எண்டு முதல்ல அவன்ரை கைக்குத் தெரியட்டும்,” என்றேன்.

அவர் திருப்திப்படவில்லை, இன்றும் திருப்திப்பட்டிருப்பாரென்று நான் நினைக்கவில்லை. மாற்று வாய்ப்பாட்டை மனனம் செய்த பிள்ளை பெருக்கவேண்டிய இடத்தில் வகுத்துவிட்டால், பிழையை அறிவிக்கிற மணி அதன் உள்ளத்தில் அடிப்பதில்லை. ஒரு வெண்ணெய்க் கட்டியைக் கையில் ஏந்தி, இரண்டை ஏந்தி, ஒரு கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சொல்லப் பழகிய பிள்ளைக்கு, ‘ஒரு இறாத்தல் 2.2 கிலோ’ என்று தப்பாக எழுதியவுடனே கை கூசும்.

பெரிய வகுப்புகளுக்கு இதைச் சொல்லும்போது கிம்லிக் கதையையும் சொல்லுவேன். 1983 ஜூலை 23 ஆந் திகதி, மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் போகவேண்டிய எயர் கனடாவின் புத்தம்புதிய போயிங் 767 விமானத்தில் எரிபொருள் காட்டும் மானி வேலை செய்யவில்லை. தாங்கியைக் கோலால் அளந்து 7,682 லீற்றர் இருப்பதாகக் கண்டார்கள். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். லீற்றரை நிறையாக்க 1.77 ஆல் பெருக்கினார்கள். ஆனால் அது ஒரு லீற்றர் எரிபொருளின் இறாத்தல் கணக்கு. கிலோகிராம் கணக்கு 0.8 ஐச் சற்றே தாண்டும். பெருக்கலில் பிழையில்லை, கழித்தலில் பிழையில்லை. 20,000 லீற்றருக்கு மேல் ஊற்றவேண்டியவர்கள் 5,000 லீற்றர்கூட ஊற்றாமல் புறப்பட்டார்கள். 41,000 அடி உயரத்தில் இயந்திரங்கள் ஓய்ந்தன. கிளைடர் ஓட்டிப் பழகிய விமானி, மனிற்றோபாவில் கிம்லி என்னுமிடத்துப் பழைய விமானப்படைத் தளத்தில் அதை மிதக்கவிட்டு இறக்கினார். இருந்த அறுபத்தொன்பது பேரும் உயிர் பிழைத்தார்கள். கதை முடிந்ததும், விடைத்தாளில் வெறும் ‘8’ என்று எழுதிவிட்டு அலகை விழுங்கிவிடும் பிள்ளைகள் சில வாரங்களுக்கு அலகு எழுதுவார்கள். பிறகு மறந்துவிடுவார்கள்.

ஐந்தாம் வகுப்பில் தசமம் வந்ததும் பால் விவகாரம் எழுகிறது. ஒன்ராறியோவில் பாலைப் பிளாஸ்ரிக் பைகளில் விற்கிறார்கள். பெரிய பைக்குள் மூன்று சிறிய பைகள். வெளியே 4 லீற்றர், உள்ளே ஒவ்வொன்றிலும் 1.33 லீற்றர். மூன்றால் பெருக்கிப் பார்த்த ஒரு பிள்ளை, 3.99 தான் வருகிறது, பத்து மில்லிலீற்றரைக் கம்பனி களவெடுத்துவிட்டது என்று முறைப்பாட்டோடு வந்தது. முடிவில்லாத தசமத்தைப் பையில் அச்சிட முடியாதென்று நான் சமாதானம் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. அப்படியானால் வீட்டில் அளந்து பார்த்து வாருங்கள் என்று அனுப்பினேன். ஒருத்தியின் வீட்டில் நாலு லீற்றருக்கு மேலே வந்தது. இன்னொருவன் வீட்டில் நாலுக்குக் குறைந்தது. மூன்றாமவன் பால் பொங்கி ஊற்றிக் கிடந்தது என்று அளவே கொண்டுவரவில்லை. யாருடைய அம்மாவின் சாடி சரியானது என்ற வழக்கு இடைவேளை முழுதும் நடந்தது. சாடிகளையெல்லாம் பாடசாலைக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று ஒப்பிடுவதென்று தீர்மானமாயிற்று. அன்று பின்னேரம் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, “ரீச்சர், இருக்கிற பாலையெல்லாம் சாடிச் சாடியா ஊத்தச் சொன்னது நீங்களோ, இல்லாட்டி இவள் பொய் சொல்லுறாளோ?” என்று கேட்டார்.