படிகாரம் சொல்லும் தீர்ப்பு

போஸ்டன்



இருநூறு டாலருக்கு மேல் விலை சொல்லும் ஷேவிங் ரேசரில் அப்படி என்னதான் இருக்கிறது, வாங்கலாமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். ரெக்ஸ் அம்பாசடர் என்ற அந்த ரேசரைத்தான் நான் பயன்படுத்தி வருகிறேன். போஸ்டனில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவதும் பொருத்தம்தான்.

கழற்றி எறியும் பிளேடு இந்த ஊரில்தான் தொழிலாக வளர்ந்தது. கிங் கேம்ப் ஜில்லெட் 1901இல் அட்லாண்டிக் அவென்யூவில் ஒரு மீன்கடையின் மாடியில் கம்பெனி தொடங்கினார். அவ்வளவு மெல்லிய தகட்டில் கூர் நிற்காது என்று எஃகு அறிந்தவர்கள் கைவிரித்தார்கள். அதைப் பதப்படுத்தும் வழியைக் கண்டவர் எம்.ஐ.டி.யில் படித்த வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903இல் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும். அடுத்த ஆண்டே ரேசர் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. ஜில்லெட்டின் பெயரை எல்லோரும் சொல்கிறோம். நிக்கர்சனின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அதே கம்பெனி 1958இல் ஒரு புதுமையைக் கொண்டுவந்தது. கைப்பிடியின் கழுத்தில் ஒரு வளையம், அதில் 1 முதல் 9 வரை எண்கள். குறைந்த எண் மென்மையாகச் சிரைக்கும், கூடிய எண் அழுத்தமாகச் சிரைக்கும். விலை 1 டாலர் 95 சென்ட். பருத்த கைப்பிடிக்காகச் சேகரிப்பவர்கள் அதற்கு வைத்த பெயர் ஃபேட்பாய். 1961 வரை வந்தது. அடிப்பகுதியில் பொறித்திருக்கும் எழுத்து ஆண்டையும், பக்கத்தில் உள்ள எண் காலாண்டையும் காட்டும். எஃப்-2 என்றிருந்தால் 1960ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டு. அதற்குப் பின் ஸ்லிம் என்ற மாதிரி வந்தது. 1971இல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்ததும், எண் வைத்த ரேசர்கள் மெல்ல மெல்லக் கடைகளை விட்டுப் போயின.

ஃபேட்பாயின் உடல் பித்தளை, மேலே நிக்கல் முலாம். அந்த அமைப்பை முழுக்க எஃகில் கடைந்து, 1 முதல் 6 வரை எண்களோடு அமெரிக்காவிலேயே செய்திருப்பதுதான் அம்பாசடர். அடியில் உள்ள குமிழைத் திருகினால் தலையின் இரு கதவுகளும் விரியும். பிளேடை வைத்து மறுபக்கம் திருகினால் மூடிக்கொள்ளும்.

அந்த எண்கள் கூர்மையைக் கூட்டுவதில்லை. கூர்மை பிளேடைச் சேர்ந்தது. பிளேடின் விளிம்புக்கும் அதன் கீழே இருக்கும் காப்புப் பட்டைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் வளையம் மாற்றுகிறது. இடைவெளி குறைவாக இருந்தால் தோல் உள்ளே புடைத்து விளிம்பில் படாது. ஆனால் நீண்ட முடியும் சுலபமாக உள்ளே வராது. கூட்டினால் நான்கு நாள் தாடியும் தடையில்லாமல் போகும், கைதான் கவனமாக இருக்க வேண்டும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மில்லிமீட்டரில் மிகச் சிறிய பங்கு. பிளேடின் தடிமனே 0.1 மில்லிமீட்டர்தான். நாம் கொடுக்கும் பணமெல்லாம் இந்தச் சின்ன அளவு பிசகாமல் இருப்பதற்கு.

ஆகவே முதல் சோதனைக்குத் தண்ணீரும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். பிளேடைப் பொருத்தி, விளக்குக்கு எதிரே ரேசரைத் தூக்கிப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஒளிக்கீற்று ஒரே அகலத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீராகத் தெரிய வேண்டும். பிளேடைக் கழற்றி, திரும்பப் பொருத்தி மறுபடி பாருங்கள். பிறகு வளையத்தை 1இலிருந்து 3க்கும், 6இலிருந்து 3க்கும் கொண்டுவாருங்கள். இரண்டு வழியில் வந்தாலும் 3 ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் கையில் இருந்தால் கண்ணை நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. முன்பு என்னிடம் இருந்த ஒரு ரேசரில் பிளேடு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். ஒரு கன்னம் வழவழப்பாகவும் மறுகன்னம் சொரசொரப்பாகவும் இருந்ததற்கு அதுதான் காரணம். அம்பாசடரில் அந்தச் சாய்வு இல்லை. எண்ணும் சொன்ன இடத்தில் நிற்கிறது.

அடுத்தது முகம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே சோப்பு, அதே பிளேடு வகை, எண் மட்டும் வேறு. வெந்நீரில் முகத்தை நனைத்து முடி ஊற இரண்டு மூன்று நிமிடம் கொடுத்த பிறகு பிரஷால் நுரை கட்டுங்கள். இந்த ஊருக்குத் தண்ணீர் குவாபின் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. மென்மையான நீர் என்பதால் நுரை கெட்டியாக நிற்கும். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் கடினநீர்; சோப்பு நுரைக்காது, நுரைத்தாலும் நிற்காது. பழி ரேசர்மேல் விழும். காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்து நுரை கட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ரேசரைத் தோலுக்கு முப்பது பாகை அளவில் சாய்த்து, முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். அழுத்தக் கூடாது. நூறு கிராமுக்கு மேல் எடையுள்ள ரேசர் இது. அந்தக் கனம் போதும். காதையும் கொடுங்கள். முடி அறுபடும் சன்னமான சரசரப்பு கேட்கும். சத்தம் அடங்கினால் அந்த இடத்தில் வேலை முடிந்தது.

கடைசியில் படிகாரம். சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அந்தக் கல்தான். அதைக் கிருமிக்கும் ரத்தக்கீறலுக்கும் போடும் மருந்தாக மட்டும் பார்க்காதீர்கள். ரேசரை மதிப்பிட அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. குளிர்ந்த நீரில் நனைத்து முகமெங்கும் மெதுவாக ஓட்டுங்கள். தோல் கூடுதலாகச் சீவப்பட்ட இடத்தில் மட்டும் சுரீரென்று எரியும். கண்ணாடியில் ஒரு சிவப்பும் தெரியாத இடத்தைக்கூடக் காட்டிக்கொடுக்கும். என் முகத்தில் 3ஆம் எண்ணில் கன்னமும் தாடையும் அமைதியாக இருந்தன, கழுத்து எரிந்தது. கழுத்துக்கு மட்டும் 2க்கு இறக்கினேன். எரிச்சல் நின்றது. ஒரே சவரத்தில் வளையத்தை ஒரு திருகு திருகி இதைச் செய்ய முடிகிறது என்பதுதான் இந்த வகை ரேசரின் உண்மையான பயன்.

கழுத்து முடி சுருண்டு வளர்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. பல பிளேடு கார்ட்ரிட்ஜ் முடியை இழுத்துத் தோல்மட்டத்துக்குக் கீழே அறுக்கிறது. அது திரும்ப வளரும்போது தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகிவிடும். நம்மவர்களில் எத்தனையோ இளைஞர்கள் இதைப் பருவென்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டிருக்கிறார்கள். ஒற்றை பிளேடு, குறைந்த எண், முடியின் திசையில் மட்டும் இழுப்பு என்று சில வாரம் பாருங்கள். அப்படியும் தணியாவிட்டால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது 316எல் எஃகு. தரமான சமையலறை எவர்சில்வர் பெரும்பாலும் 304 ரகம். 316இல் மாலிப்டினம் சேர்வதால் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடலோரம் இருப்பவர்களுக்கு இது முக்கியம். முலாம் பூசிய மலிவான கலப்பு உலோகத்தில் முலாம் உரிந்தால் அரிப்பு பிடித்துவிடும். முழு எஃகில் உரிவதற்கு முலாமே கிடையாது.

இனி தீர்ப்பு. தினமும் சவரம் செய்கிறவர், முகத்தில் எரிச்சலே இல்லாதவர் இதை வாங்க வேண்டியதில்லை. எண் இல்லாத நல்ல ரேசர் இதன் விலையில் எட்டில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. அதே வழவழப்பைத் தரும். ஒற்றை பிளேடுக்குப் புதியவரும் அதில்தான் கை பழக வேண்டும். சில நாள் இடைவெளி விட்டுச் சிரைக்கிறவர், கழுத்தில் ஒரு குணமும் கன்னத்தில் ஒரு குணமுமாகத் தோல் உள்ளவர், இவர்களுக்கு எண் வைத்த ரேசர் தகும். அதற்கும் இருநூறு டாலர் அவசியமில்லை. இந்தியாவிலேயே தயாராகும் பார்க்கர் வேரியன்ட்டில் 1 முதல் 5 வரை எண்கள் உண்டு. முதலில் அதைப் பாருங்கள். ஆயுள் முழுக்க ஒரே ரேசர் போதும் என்று முடிவு செய்தவர், கையில் பணமும் இருந்தால் அம்பாசடர் வாங்கலாம். நான் அந்த எண்ணத்தில்தான் வாங்கினேன், நிறைவாக இருக்கிறேன்.

எந்த ரேசர் வாங்கினாலும் எனக்காக ஒன்று செய்யுங்கள். இங்கே பழைய வீடுகளின் குளியலறை அலமாரியில் ஒரு சிறு பிளவு இருக்கும். தேய்ந்த பிளேடுகளை அதன் வழியே சுவருக்குள் போட்டுவிடுவார்கள். நம் வீடுகளில் அப்படியே குப்பையில் போடுகிறோம், அது தூய்மைப் பணியாளர் கையைக் கிழிக்கிறது. காலியான ஒரு தகர டப்பாவின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குப் பிளவு போட்டுக் குளியலறையில் வையுங்கள். அது நிறைவதற்குப் பல வருடம் ஆகும். நிறைந்ததும் வாயை ஒட்டி, உள்ளே பிளேடு என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் போஸ்டன் நண்பன்