துணி காயப் போட ஓர் இடம்

வீடு கட்டப் போகிறவர்கள் இந்தப் பதிவைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கட்டி முடித்தவர்களும் படிக்கலாம், பிற்பாடு திருத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் துணி எங்கே காயப் போடுவது என்பதுதான் விஷயம். "டீச்சருக்கு ரிட்டயர் ஆனதும் வேறு வேலை இல்லை" என்று சிரிக்காதீர்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது நினைவிருக்கும். அதை ஒட்டி விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று எல்லாப் பக்கமும் கொட்டித் தீர்த்தது. அப்போது நாங்கள் கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருந்தோம். நான், அவர், மகன், மருமகள், ஆறாவது படிக்கும் பேத்தி என்று ஐந்து பேர். மொட்டைமாடிக் கொடி எதற்கும் உதவவில்லை. படுக்கையறை ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக் கொக்கி வரை கயிறு கட்டினோம். நாற்காலி முதுகில் துண்டு, கட்டில் விளிம்பில் லுங்கி, ஃபேனுக்கு நேர் கீழே பள்ளிக்கூடச் சீருடை. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையும் மூடிவிட்டோம்.

மூன்றாம் நாள் ராத்திரி பேத்திக்கு இளைப்பு வந்துவிட்டது. அவளுக்கு முன்பே வீசிங் உண்டு. காலையில் டாக்டர் பார்த்துவிட்டு, "படுக்கிற ரூம்லயா துணி காயப் போடறீங்க?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பீரோவை நகர்த்திப் பார்த்தேன். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம்.

வாத்தியார் புத்தி சும்மா இருக்காது இல்லையா? அடுத்த முறை துவைக்கும் முன் துணியைப் பையில் போட்டுத் தராசில் நிறுத்தேன். 4 கிலோ 200 கிராம். மெஷின் பிழிந்து கொடுத்த பிறகு நிறுத்தேன். 6 கிலோ 500. ஆக, பிழிந்த துணியிலேயே 2 லிட்டர் 300 மில்லி தண்ணீர் இருக்கிறது. கதவு, ஜன்னல் மூடிய அறையில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? முதலில் காற்றில் ஏறும். காற்று இனி தாங்காது என்றதும் சுவரில் ஏறும், மெத்தையில் ஏறும். துணியும் காயாது. நாம் படுத்துத் தூங்குவது அந்த ஈரத்துக்குள்தான்.

அன்றைக்குத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது கல்வராயன் மலை ஞாபகம் வந்தது.

எனக்கு வேலை கிடைத்த புதிதில் சில வருடங்கள் மலையில் இருந்தேன். 1990களின் நடுப்பகுதி. அப்போது நாமெல்லாம் விழுப்புரம் மாவட்டம். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, நடந்து போக வேண்டிய பள்ளி. ஐப்பசி பிறந்தால் மார்கழி முடிய மலையில் மழை, மூடுபனி, ஈரம். வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அடுப்புக்கு மேலே சீருடையைத் தொங்கவிட்டுக் காய வைத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். வகுப்பு முழுக்கப் புகை வாசம் அடிக்கும். விடுதிப் பிள்ளைகளுக்கு அந்த அடுப்பும் கிடையாது.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். பெயர் வேண்டாம். நன்றாகப் படிப்பாள், கணக்கில் கெட்டி. ஒரு கார்த்திகை மாதம் அவள் பக்கத்தில் போனாலே ஈர நாற்றம் அடித்தது. நான் எல்லார் முன்னாலும், "துணியைத் துவைச்சுக் காய வெச்சுப் போட்டுக்கிட்டு வரத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த இரண்டு நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் மதியம் விடுதிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரே கூடம். குறுக்கே ஒரே ஒரு கயிறு. அதில் அத்தனை பிள்ளைகளின் துணியும் ஒன்றன்மேல் ஒன்றாக. இவள் மூலையில் சுருண்டு படுத்திருந்தாள். தன் தகரப்பெட்டி மேல் பாவாடையை விரித்துப் போட்டிருந்தாள். அதைத் தூக்கினேன். அடியில் மாதவிலக்குத் துணி. மடித்தது மடித்தபடி சொதசொதவென்று இருந்தது.

"மூணு நாளா காயல டீச்சர்" என்றாள். அந்த ஈரத்துணியையே திரும்பத் திரும்ப வைத்து, தொடை இரண்டும் புண்ணாகி, அவளால் நடக்க முடியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். பிறகு தலைமையாசிரியரிடம் கேட்டு, பள்ளியில் உடைந்த பெஞ்சுகள் கிடந்த ஓர் அறையை ஒழித்து, நாலு கயிறு கட்டினேன். ஜன்னலைத் திறந்து வைத்துச் சாக்குத் திரை போட்டேன். சாவியைப் பெரிய பெண்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். வகுப்பில் கேட்ட கேள்விக்கு அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்தக் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா, தெரியாது. முப்பது வருடமாக எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிற்பாடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 4 செட் சீருடை வந்தது. 'புதுயுகம்' திட்டத்தில் நாப்கின் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்லது. ஆனால் காய வைக்கிற இடம்? அது இன்றைக்கும் நம் வீட்டுப் பிளானிலேயே கிடையாது. நானே நாற்பது வருடம் உள்ளாடையைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துத்தான் காயப் போட்டேன். மருமகளும் அதையேதான் செய்கிறாள். வெயிலும் காற்றும் அதிகம் தேவைப்படுகிற துணிக்கு இரண்டுமே கிடைப்பதில்லை.

போன வருடம் மகன் சொந்த வீடு கட்ட ஆரம்பித்தான். பிளானை விரித்தான். போர்ட்டிகோ, சிட்அவுட், பூஜை அறை எல்லாம் இருந்தது. "துணி காயப் போட எங்கப்பா இடம்?" என்றேன்.

"அதான் மொட்டைமாடி இருக்கேம்மா."

"மழையில?"

என்ஜினியர் தம்பி, "பால்கனில ஸ்டாண்ட் போட்டுக்கலாம்மா. ஆனா முன்பக்கம் துணி தொங்குனா எலிவேஷன் கெட்டுப் போயிடும்" என்றார்.

நம் ஊரில் நெல் காய வைக்கக் களம் வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரவள்ளி கிழங்கு போட்டவரும் மக்காச்சோளம் போட்டவரும் காய வைக்கும் இடத்தை முதலில் பார்ப்பார்கள். தினமும் துவைக்கிற துணிக்கு மட்டும் அந்த யோசனை வருவதில்லை. ஸ்காட்லாந்தில் புது வீட்டுக்கான கட்டட வழிகாட்டியிலேயே துணி காயும் இடம் உண்டு. ஓர் அறைக்கு 1.7 மீட்டர் கொடி வீதம் கணக்குப் போட்டு இடம் விட வேண்டுமாம். சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழி நீட்டிக் காய வைப்பதை அங்கே போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

"இடம் வேணும்னா ஏதாவது ஒரு ரூமைக் குறைக்கணும்மா" என்றான் மகன். "என் ரூமைக் குறைச்சுக்கோ" என்றேன். என் புத்தக அலமாரி நிற்க வேண்டிய 5 அடிக்கு 9 அடி இடம் அப்படித்தான் துணி அறை ஆனது. வீட்டின் பின்பக்கம், வாஷிங் மெஷினுக்கு அடுத்தாற்போல்.

செய்ததைச் சொல்கிறேன். உங்களுக்குப் பயன்படலாம்.

முதலில் ஒரு வாரம் டேப் வைத்து அளந்தேன். மூன்றாக மடித்த புடவைக்கு 6 அடி, இரண்டாக மடித்த நாலு முழ வேட்டிக்கு 3 அடி, துண்டுக்கு இரண்டரை அடி என்று கூட்டினால், எங்கள் ஐந்து பேருக்கு ஒரு நாள் துணிக்கு 42 அடி கொடி தேவை. அதனால் கூரையில் 8 அடி ஸ்டீல் குழாய் ஆறு, மொத்தம் 48 அடி. கப்பி வைத்திருப்பதால் இறக்கித் துணியைப் போட்டு ஏற்றிவிடலாம். என் முட்டி வலிக்கும் தோள் வலிக்கும் இது பெரிய உதவி. குழாய்க்குக் குழாய் 8 அங்குலம் இடைவெளி. நெருக்கிப் போட்டால் காற்று நுழையாது. இரும்புக் கம்பி வேண்டாம், துருக்கறை போகவே போகாது.

இரண்டாவது, காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு வழி. ஒரு சுவரில் தாழ்வாக ஜன்னல், எதிர்ச்சுவரில் உயரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன். வீட்டுக்குள் திறக்கும் கதவை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் படுக்கையறைக்குத்தான் வரும். கூடவே ஒரு சாதாரண ஃபேன். 75 வாட் ஃபேன் 10 மணி நேரம் ஓடினாலும் முக்கால் யூனிட்தான்.

மூன்றாவது, தரையில் வாட்டம் விட்டுத் தண்ணீர் போக ஓட்டை. கூரைக் கொக்கிகளைக் கான்கிரீட் போடும் முன்பே மேஸ்திரியிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு உயரத்தில் பிளக் பாயிண்ட் வைக்க மறந்துவிட்டேன். பூசிய சுவரை மறுபடி கொத்த வேண்டியதாகிவிட்டது. விரிப்பு துவைக்கிற நாளில் 48 அடியும் போதவில்லை. மாடிப்படிக் கைப்பிடிதான் கதி.

ஆவணியில் குடிவந்தோம். ஐப்பசி மழையில் பார்த்துவிட்டேன். ராத்திரி போட்ட சட்டை, சீருடை காலையில் காய்ந்திருக்கிறது. ஜீன்ஸ் மட்டும் மறுநாள் சாயங்காலம் வரை இழுக்கிறது. படுக்கையறையில் கயிறு கட்டவில்லை. இந்த மழைக்கு இதுவரை பேத்திக்கு இளைப்பு வரவில்லை.

ஜன்னல் பக்கத்துக் கடைசிக் குழாய் பெண்கள் துணிக்கு. காற்று முதலில் படுவது அங்கேதான். குடிவந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன், எதன் மேலும் எதையும் மூடிப் போடக் கூடாது என்று. மருமகள் முதலில் தயங்கினாள். "மாமா வந்தா பார்ப்பாரே அத்தை" என்றாள். "பார்த்தா பார்க்கட்டும், அவர் துணியும் அங்கதானே தொங்குது" என்றேன். இப்போது அவரே குழாயை இறக்கி, காய்ந்ததையெல்லாம் எடுத்து மடித்து வைக்கிறார்.

என் புத்தகங்கள் இன்னும் அட்டைப் பெட்டியில் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் மழை நாளில் துணி எங்கே காய்கிறது? எழுதுங்கள். விடுதிப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியத் தோழிகள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்குச் சாயங்காலம் ஒரு முறை கயிற்றைப் போய்ப் பாருங்கள். பெட்டிமேல் விரித்த துணி இருந்தால், திட்டாமல் கேளுங்கள்.